கோத்தகிரிக் குளிரில் காற்று ஷாக்: மலைச் சைக்கிளின் பின்பக்கத்தை மாற்றிப் பார்த்தது

என்னிடம் இருப்பது முன்னும் பின்னும் ஷாக் உள்ள பழைய மலைச் சைக்கிள். பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் ஷாக். ஸ்பிரிங் மேலேயே 750 என்று அச்சடித்திருக்கும். ஒரு அங்குலம் அமுக்க 750 பவுண்டு விசை வேண்டும் என்று கணக்கு. என் எடை 72 கிலோ. அதற்கு அந்த ஸ்பிரிங் பொருத்தமானதுதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. உள்ளே ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஆயில் டேம்பிங் என்று பெயருக்குத்தான் ஏதோ இருந்தது. கல்லில் ஏறி இறங்கியதும் பின்சக்கரம் மறுபடி மறுபடி துள்ளும். முதுகில் பத்துக் கிலோ பையை மாட்டிக்கொண்டால் பெரிய பள்ளத்தில் ஷாக் அடிவரை போய் 'டங்' என்று இடிக்கும். அதே சைக்கிளை 54 கிலோ எடையுள்ள அக்கா மகன் எடுத்துப் போனால் ஸ்பிரிங் அசைந்துகூடக் கொடுக்காது.

கோத்தகிரியை அடுத்த அரவேணு பக்கத்து எஸ்டேட் ரோடுகளைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று புரியும். தார் பெயர்ந்து, அடியில் பாவிய கல் மட்டும் மிஞ்சியிருக்கும். தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே போகிற மண்தடத்தில் மழைநீர் அறுத்த ஓடை குறுக்கே ஓடும். கவாத்து வெட்டிய நேரத்தில் பென்சில் மொத்தக் குச்சிகள் வழியெல்லாம் கிடக்கும். காப்புக்காட்டுக்குள்ளோ சோலைக்குள்ளோ நான் சைக்கிளை விடுவதில்லை. அனுமதி தரும் தோட்டங்களும் ஊர்களை இணைக்கும் பாதைகளும் போதும், அவையே பின் ஷாக்கைக் கேள்வி கேட்டுவிடும்.

அதனால் காற்று ஷாக் ஒன்று வாங்கினேன். காற்று ஷாக் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் பாப் ஃபாக்ஸ் 1974-ல் மண்தடத்தில் பந்தயம் ஓடும் மோட்டோகிராஸ் பைக்குக்காகக் காற்று ஷாக் செய்துதான் ஃபாக்ஸ் நிறுவனத்தையே தொடங்கினார். அதே குடும்பத்து ஷாக்குகள் பின்னால் மலைச் சைக்கிளுக்கும், பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலுக்கும் வந்தன. எஃகுச் சுருளுக்குப் பதில் ஒரு குழாய்க்குள் அடைபட்ட காற்றே ஸ்பிரிங். பம்பு அடித்தால் கடினம், இறக்கினால் மென்மை. எடையும் கணிசமாகக் குறையும். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன், பழையதில் ஏறக்குறைய பாதிதான் புதியது.

வாங்குவதற்கு முன் அளவெடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. ஷாக்கின் இரு முனையிலும் போல்ட் நுழையும் துளைதான் கண். பழைய ஷாக்கின் ஒரு கண் நடுவிலிருந்து மறு கண் நடுவரை 165 மில்லிமீட்டர், அது அமுங்கும் தூரம் 38 மில்லி. இந்த இரண்டு எண்ணும் புதியதில் அப்படியே இருக்க வேண்டும். நீளம் கூடினால் சைக்கிளின் தலைக்கோணம், அதாவது ஹேண்டில் தண்டின் சாய்வு, மாறும். அமுங்கும் தூரம் கூடினால் டயர் ஃப்ரேமில் போய் முட்டும். என் சைக்கிளில் பின்சக்கரம் 100 மில்லி மேலே வருவதற்கு ஷாக் 38 மில்லி அமுங்குகிறது. அதாவது சக்கரத்தில் விழும் பாரம் ஷாக்கில் ஏறக்குறைய 2.6 மடங்காக வந்து சேருகிறது. பின் ஷாக்கில் இவ்வளவு அழுத்தம் வேண்டியிருப்பதற்கு இதுதான் காரணம்.

நீளம் சரியாக அமைந்தது, கண் துளை அமையவில்லை. ஃப்ரேமில் 8 மில்லி போல்ட், புதிய ஷாக்கின் கண்ணில் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லி. இடையில் வைக்கிற புஷ் என்ற உலோக வளையம் என் ஃப்ரேமின் அகலத்துக்குக் கிடைக்கவில்லை. கோத்தகிரி லேத் பட்டறை அண்ணனிடம் பழைய ஷாக்கையும் புதியதையும் கொண்டுபோய் வைத்தேன். வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு, "மேல ஒரு அகலம், கீழ ஒரு அகலம். ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு கடைஞ்சிருந்தா போச்சு" என்றார். அலுமினியக் கம்பியில் கடைந்து கொடுத்தார். கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், விட்டால் தானாக விழக் கூடாது. அந்தப் பதம் வரும்வரை இழை இழையாகச் சீவிச் சீவிக் கண்ணில் நுழைத்துப் பார்த்தார். இந்த இடத்தில் துளி ஆட்டம் இருந்தாலும் இறக்கத்தில் பின்பக்கம் 'டக் டக்' என்று தட்டும். போகப் போகத் துளையே நீள்வட்டமாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய ஷாக்கைவிட அந்தப் புஷ்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

மாட்டியதும் பம்பைத் தொடவில்லை. காற்று இல்லாமலே சீட்டை அழுத்தி ஷாக்கை அடிவரை மடக்கிப் பார்த்தோம். டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி மிஞ்சியது. காற்றுக் குழாய் எங்கும் உரசவில்லை, வால்வுக்குப் பம்பு எட்டுகிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் ஏறி உட்கார வேண்டாம்.

அடுத்தது காற்று. டயர் பம்பு இதற்கு உதவாது, பஞ்சர் கடை கம்ப்ரெஸரும் கூடாது. உள்ளே இருக்கும் இடம் மிகச் சிறியது, ஆனால் அழுத்தம் 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு), அதற்கு மேலும் போகும். ஷாக்குக்கென்றே கையடக்கப் பம்பு விற்கிறது. எடை பவுண்டில் எவ்வளவோ அவ்வளவு பி.எஸ்.ஐ. என்று தொடங்குவது வழக்கம். 72 கிலோ என்றால் 159 பவுண்டு. நேரே 159 வரை அடித்துவிடவும் கூடாது. குழாய்க்குள் இரண்டு அறைகள் உண்டு. ஒன்று நம்மைத் தாங்குவது, மற்றது எதிர்ப்பக்கம் இழுத்து முதல் சில மில்லியை மென்மையாக்குவது. ஷாக் கொஞ்சம் அமுங்கும்போதுதான் இரண்டுக்கும் நடுவே காற்று கடக்கும். ஆகவே 50 அடித்ததும் நிறுத்தி, சீட்டை மெதுவாகப் பத்துத் தடவை அழுத்தி விட வேண்டும். பிறகு 100, மறுபடி அழுத்தல். இதைச் செய்யாவிட்டால் ஷாக் விறைத்து நிற்கும், அல்லது பாதியிலேயே அமுங்கிக் கிடக்கும்.

பம்பைக் கழற்றும்போது 'உஸ்' என்று வரும் காற்று பம்பு ஹோஸில் இருந்த காற்று, ஷாக்கில் இருந்தது இல்லை. ஆனால் மறுபடி மாட்டினால் ஹோஸை நிரப்ப ஷாக்கிலிருந்து காற்று போகும், பம்பு மீட்டர் முள் பத்துப் பதினைந்து குறைத்துக் காட்டும். லீக் என்று பயந்து ஷாக்கைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. மாட்டினால் குறையும், அவ்வளவுதான். மறுபடி வேண்டிய எண்ணுக்கு அடித்துவிட்டுக் கழற்றினால் போதும்.

உண்மையில் பார்க்க வேண்டியது அந்த முள்ளையே இல்லை, ஷாக் தண்டில் உள்ள சின்ன ரப்பர் வளையத்தை. ஹெல்மெட், பை எல்லாம் மாட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார வேண்டும். வளையத்தை மேலே தள்ளி, குழாய் வாயில் காற்றை அடைக்கும் சீலோடு ஒட்டவைத்துவிட்டு, குதிக்காமல் இறங்க வேண்டும். வளையம் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுதான் நம் அமுங்கல். 38 மில்லியில் கால்பங்கு, ஒன்பதரை மில்லி எனக்கு வேண்டும். 159-ல் எட்டு மில்லிதான் வந்தது. இறக்கிக்கொண்டே வந்து 150-ல் சரியாக நின்றது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். மதியம் வீட்டுக்குள் வைத்து ஒன்பதரை மில்லிக்குச் சரிசெய்த சைக்கிள், மார்கழி விடியலில் கோடநாடு ரோட்டில் பதினொன்றைக் காட்டியது. சீலைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. மதியம் வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஒன்பதரை. கனடாவின் கால்கரியில் இருக்கும் சித்தி மகனிடம் போனில் சொன்னேன். அவன் குளிர்காலத்தில் நண்பர்களோடு ஸ்னோமொபைல் ஓட்டுகிறவன். சிரித்துக்கொண்டே, "அண்ணா, வீட்டுக்குள்ள வச்சு காத்து பாக்காதீங்க. வண்டிய வெளிய நிறுத்தி, நல்லா குளிர்ந்த பெறகு அடிங்க. இங்க எல்லாரும் அப்படித்தான்" என்றான். ஸ்னோமொபைலில் பெல்ட் ஓடும் பின்பகுதிக்குள்ளேயே முன்னும் பின்னுமாக இரண்டு ஷாக்குகள் இருக்குமாம். முன்னது மாறினால் முன் சறுக்குக் கட்டைகளின்மேல் விழும் பாரமே மாறி, வண்டி திரும்புவதும் மாறிவிடும் என்றான். சூடான ஷெட்டில் அடித்த காற்றோடு உறைபனியில் இறங்கினால் வண்டியே வேறு வண்டியாம்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அடைபட்ட காற்றின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். கணக்கில் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, வெப்பத்தை 273 கூட்டிக் கெல்வினில் எடுக்க வேண்டும். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் 33 டிகிரி வெயிலில் 150 அடித்தால், வெளிக்காற்றின் 14-ஐயும் சேர்த்து 164. அதே ஷாக் கோத்தகிரியில் 7 டிகிரிக்கு வந்தால் 164-ஐ 280-ஆல் பெருக்கி 306-ஆல் வகுக்க, 150 வரும். கோத்தகிரி உயரத்தில் வெளிக்காற்று 12-க்குக் கொஞ்சம் கீழே. அதைக் கழித்தால் முள் காட்டுவது 138. மலை ஏறியதில் காற்று மெலிந்து இரண்டு பி.எஸ்.ஐ. போலக் கூடுகிறது. ஆனால் குளிர் பதினாலைத் தின்றுவிடுகிறது. 33 கிலோமீட்டர் ரோட்டில், யாரும் வால்வைத் தொடாமலே பன்னிரண்டு பி.எஸ்.ஐ. போய்விட்டது!

சமவெளியில் ஓட்டுகிறவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நீலகிரியில் அப்படி விட முடியாது. இங்கே ஒரே நாளில் விடியலுக்கும் மதியத்துக்கும் நடுவே பதினைந்து டிகிரி ஏறும். ஒரே மாலையில் மேட்டுப்பாளையம் புழுக்கத்துக்கும் இறங்கிவிடலாம். இந்த மலைக்கு என் வழி இதுதான்: எந்த நேரத்தில் ஓட்டப் போகிறேனோ, அந்த நேரத்துக் குளிரில், வாசலில் சைக்கிளை அரைமணி நேரம் நிறுத்திவிட்டு, அமுங்கலைப் பார்த்துக் காற்றைச் சரிசெய்கிறேன். 150 என்ற எண்ணை மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

உறைபனி விழுந்த ஒரு காலையில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் கொண்டுபோனபோது இன்னொன்றும் தெரிந்தது. புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது, கையுறை இல்லாமல் பிரேக் பிடிக்க முடியவில்லை. காற்றை அங்கேயே சரிசெய்தும் பின்பக்கம் சோம்பலாக எழுந்தது. ஒரு கல்லில் அமுங்கியது நிமிர்வதற்குள் அடுத்த கல் வந்துவிட்டது. காரணம் ஆயில். குளிரில் ஆயில் கெட்டிப்பட்டு, சின்னத் துளைகள் வழியே மெதுவாக ஓடும். ஷாக் நிமிரும் வேகத்தை மாற்றும் ரீபவுண்டு என்ற சிவப்புத் திருகை இரண்டு 'கிளிக்' வேகமான பக்கம் திருப்பியதும் சரியாகிவிட்டது. வெயில் ஏறியதும் அதே இரண்டு கிளிக்கைத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய துள்ளல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

பையோடு ஓட்டும்போது அடிவரை இடிப்பதற்கு முதலில் காற்றைக் கூட்டிப் பார்த்தேன். இடி நின்றது, ஆனால் சின்னக் கற்கள் எல்லாம் முதுகுக்கு வந்தன. காற்று ஷாக்கில் இதற்கு அழகான வழி ஒன்று உண்டு. காற்றை முழுக்க இறக்கி, வெளிக்குழாயைக் கழற்றி, உள்ளே பிளாஸ்டிக் ஸ்பேசர் ஒன்றைப் போட்டால் காற்றுக்கு இடம் குறைகிறது. தொடக்கத்தில் வித்தியாசம் தெரியாது. கடைசிக் கால்பங்கில் மட்டும் அழுத்தம் விறுவிறுவென்று ஏறி ஷாக்கைத் தாங்கிக்கொள்கிறது. எஃகுச் சுருளில் இது நடக்கவே நடக்காது. அங்கே முதல் அங்குலமும் கடைசி அங்குலமும் ஒரே கடினம். ஸ்பேசர் போட்ட பிறகு, பையோடு அதே ஓடைப் பள்ளத்தில் இறங்கினேன். வளையம் 38-ல் 35 மில்லிவரை வந்து நின்றது, இடி இல்லை.

குழாயைக் கழற்றுவது பற்றி ஒரு எச்சரிக்கை. வால்வை அழுத்திக் காற்றை இறக்கிய பிறகும் ஷாக் நிமிராமல் அமுங்கியே கிடந்தால், எதிர்ப்பக்க அறையில் காற்று மாட்டியிருக்கிறது என்று பொருள். அதைத் திறக்கவே கூடாது, குழாய் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். அப்படி ஆனால் தெரிந்த சர்வீஸ் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

பராமரிப்பு சுருளைவிடக் கூடுதல், இதை மறைக்க ஒன்றும் இல்லை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் எங்களுக்குப் பெருமழை. ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் குழம்பு சீல்வரை ஏறிவிடும். ஒவ்வொரு தடவை வந்ததும் ஈரத்துணியால் தண்டைத் துடைக்கிறேன். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சுவதில்லை. சீல் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு செம்மண் கோடு நிற்கும், அதை விட்டால் அதுவே உப்புத்தாளாகத் தண்டைத் தேய்க்கும். ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை குழாயைக் கழற்றி, சீல்களைச் சுத்தம் செய்து கிரீஸ் போட வேண்டும். சீல் செட் இங்கே கடையில் கிடைக்காது, மழைக்கு முன்பே தருவித்து வைத்துக்கொள்கிறேன்.

அக்கா மகனுக்கு 119 பவுண்டிலிருந்து தொடங்கி 112 பி.எஸ்.ஐ.யில் அமுங்கல் சரியாக வந்தது. ரீபவுண்டையும் அவனுக்காக மூன்று கிளிக் வேகமாக்க வேண்டியிருந்தது. காற்று குறைந்தால் ஷாக்கை நிமிர்த்தும் விசையும் குறையுமே. கேத்தரின் அருவிப் பக்கத்து இறக்கத்தில் ஓட்டிவிட்டு வந்து, "மாமா, இப்பத்தான் பின்சக்கரம் தரையிலேயே இருக்கு" என்றான். இருவரின் எண்களையும் விடியலுக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று என்று வெள்ளை டேப்பில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறோம். அடுத்து அவன் எடைக்கு ஸ்பேசர் இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். 35 மில்லிவரை வரவேண்டிய வளையம் அவனுக்கு 29-லேயே நிற்கிறது.