சீட் டியூப் விரிசல்: உள்குழாய் வைத்துப் பிரேசிங் செய்த அனுபவம்

பழைய ஸ்டீல் சைக்கிள் பிரேமில் சீட் டியூப் (சீட்டுக்குக் கீழே நிற்கும் குழாய்) பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விரிசல் விடும்: மேல்பகுதியை இறுக்குவதற்காகப் பின்பக்கம் அறுத்துவிட்ட பிளவு முடிகிற முனையில். 28.6 மி.மீ. வெளிவிட்டமுள்ள தரமான குழாயில், மேல்பகுதியில் சுவரின் தடிமன் 0.6 மி.மீ. அளவுதான் இருக்கும். அதற்குரிய சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கி அந்தக் குழாய்க்குள் இறங்கும் தண்டு) 27.2 மி.மீ. நான் சரிசெய்த பிரேமில் 26.8 போஸ்ட் மாட்டி, அது இறங்காமலிருக்க போல்ட்டை மேலும் மேலும் முறுக்கியிருந்தார்கள். லக்கின் (குழாய்கள் சேரும் இடத்து மூட்டுறையின்) இரண்டு காதுகளும், அதாவது போல்ட் மாட்டும் நீட்சிகள், உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பிளவு முனையிலிருந்து 20 மி.மீ. வரை விரிசல் சாய்வாக இறங்கியிருந்தது. போஸ்ட் மிகக் குறைவாகவே உள்ளே போயிருந்ததால், ஓட்டுபவரின் எடை நெம்புகிற இடமும் அதுவாகவே அமைந்துவிட்டது.

விரிசல் மேல் வெல்டிங் ஓட்டினால் போதும் என்று பலர் சொல்வார்கள். இவ்வளவு மெல்லிய சுவரில் அது நிற்காது. வெல்டிங் கோட்டை ஒட்டியே புது விரிசல் விடும். உள்ளே ஒரு குழாயைச் செருகி வெள்ளிக் கம்பியால் பிரேசிங் செய்வதே, அதாவது குழாயை உருக்காமல் கம்பியை மட்டும் உருக்கி ஒட்டுவதே, சரியான வழி. விரிசல் குழாயைப் பாதிக்கு மேல் சுற்றிவிட்டாலோ, பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் கீழ்மூட்டு) பக்கம் துரு அரித்து, கூரான கம்பியால் குத்தினால் உள்ளே போனாலோ, இந்த வேலையில் இறங்காதீர்கள். அப்போது குழாயையே மாற்ற வேண்டும்.

முதலில் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். பிறகு விரிசலைச் சுற்றி 60 மி.மீ. தூரத்துக்குப் பெயிண்டை முழுவதும் நீக்கி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டேன். விரிசலின் உண்மையான முனை கண்ணுக்குத் தெரிவதைவிடக் கீழே இருக்கும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவினால், எண்ணெய் ஊறி வந்து கோட்டைக் காட்டிவிடும். அந்த முனைக்குச் சற்றுக் கீழே 2.5 மி.மீ. துளை போட்டேன். வளைந்த காதுகளைத் திருப்ப, கிரீஸ் தடவிய 27.2 ஸ்டீல் போஸ்ட்டை மெதுவாகத் தட்டி இறக்கினாலே போதும். இடுக்கியால் இழுத்தால் காது ஒடியும்.

உள்குழாய்க்கு 27.2 வெளிவிட்டமும் 0.9 சுவரும் உள்ள ஸ்டீல் குழாயில் 120 மி.மீ. வெட்டிக்கொண்டேன். உள்ளே 25.4 கிடைக்கும்; அந்த அளவில் போஸ்ட் எளிதாகக் கிடைப்பது பெரிய வசதி. கீழ்முனையை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டுவது முக்கியம். நேராக விட்டால் விசை ஒரே வட்டத்தில் குவிந்து அடுத்த விரிசல் அங்கே தொடங்கும். இரண்டு குழாய்களுக்கும் நடுவே பக்கத்துக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. இடைவெளி வேண்டும். இறுகினால் வெள்ளி உள்ளே ஓடாது, தளர்ந்தால் பிடிப்பு இருக்காது. கீழ்முனை வரை வெள்ளி போய்ச்சேர, வெளிக்குழாயின் பக்கவாட்டில் இரண்டு 3 மி.மீ. துளைகளும் போட்டேன்.

காட்மியம் கலக்காத 56 சதவீத வெள்ளிக் கம்பி 650 டிகிரி செல்சியஸ் அளவில் ஓடிவிடும். லக்கைப் பித்தளையால் பிடித்திருந்தால் அது இளக 900 டிகிரிக்குப் பக்கம் வேண்டும், ஆகவே பழைய இணைப்பு அசையாது. லக்கையே வெள்ளியால் பிடித்த பிரேம்களும் உண்டு. எது என்று தெரியாதபோது, பிரேமில் எந்தப் பாரமும் விழாமல் நிறுத்திய பிறகே டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். இரு குழாய்களிலும் ஃபிளக்ஸ் (உலோகத்தில் ஆக்சைடு படியாமல் காத்து வெள்ளியை ஓடவிடும் பசை) தடவிச் செருகி, சுற்றிச்சுற்றிச் சீராகச் சூடேற்றினேன். ஃபிளக்ஸ் கண்ணாடிபோல் தெளிந்ததும் கம்பியைத் தொட வேண்டும். வெள்ளி சூட்டைத் தேடி ஓடும் என்பதால் தீயைக் கீழே நகர்த்தி அதை இழுத்துக்கொள்ளலாம். விரிசல் நெடுக வெள்ளிக்கோடு தெரிந்து, துளைகள் நிரம்பினால் வேலை முடிந்தது. குழாய் செக்கச்சிவந்தால் ஃபிளக்ஸ் கருகிவிடும். பிறகு வெள்ளி ஒட்டவே ஒட்டாது.

தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிட வேண்டும். பிறகு வெந்நீரில் ஊறவைத்து ஃபிளக்ஸைக் கரைத்தேன். அது உள்ளே தங்கினால் ஸ்டீலை அரிக்கும்.

பிளவை இந்தக் கட்டத்தில்தான் உள்குழாயிலும் வெட்ட வேண்டும். பழைய முனை இருந்த இடத்தில் 5 மி.மீ. துளை போட்டு, ஆக்ஸா பிளேடால் மேலிருந்து அதுவரை அறுத்து, ஓரங்களை அரத்தால் மழித்தேன். பிரேம் கோணலாகவில்லையா என்று பார்க்க, பின்சக்கர டிராப்அவுட்டிலிருந்து (சக்கர அச்சு உட்காரும் பிடியிலிருந்து) ஹெட் டியூபை (ஹேண்டில்பார் பக்கத்து முன்குழாயை) சுற்றி மறுபக்க டிராப்அவுட்டுக்கு நூல் கட்டி, சீட் டியூபின் இருபுறமும் இடைவெளியை அளந்து பார்த்தேன். 1 மி.மீ. வித்தியாசம் வரை கவலையில்லை.

புது போஸ்ட், டாப் டியூபின் (மேலே கிடையாக ஓடும் குழாயின்) அடிவிளிம்பைத் தாண்டிக் குறைந்தது 30 மி.மீ. இறங்கியிருக்க வேண்டும். அலுமினியமாக இருந்தால் கிரீஸ் கட்டாயம். இல்லையென்றால் இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும். பெயிண்ட் அடித்த பிறகு, உள்குழாயின் கீழ்முனை வரும் இடத்தை அவ்வப்போது துடைத்துப் பாருங்கள். அங்கே பெயிண்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் ஓட்டுவதை உடனே நிறுத்திவிட வேண்டும்.