கன்ட்ரோல் கிணறு

ஜனவரி 6
செல் தட்டு நிறைஞ்சு ரெண்டு நாள் ஆச்சு. இன்னைக்குதான் செல்லை மாத்தற மருந்துக் கலவை, காக்டெயில், போட்டேன்: இன்சுலின், டெக்ஸாமெத்தசோன், ஐபிஎம்எக்ஸ். 3டி3-எல்1, எலி செல். இனி கொழுப்பு செல்லா மாறணும், மாறிடணும்.

ஜனவரி 8
செல் வளர்ற சத்துத் திரவம், மீடியா, மாத்தியாச்சு. இனி இன்சுலின் மட்டும்.

ஜனவரி 10
அம்மா போன். ஃபாஸ்டிங் 168. இவ்ளோ ஒல்லியா இருக்கறவங்களுக்கு எப்படி சுகர்னு சித்தி திரும்பத் திரும்ப கேக்கறாங்களாம். 2004ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த அந்த போட்டோதான் ஞாபகம் வந்துச்சு, யாஜ்னிக், யட்கின்னு ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நிக்கறது, ரெண்டு பேருக்கும் உயரத்துக்கு எடை பாக்கற பிஎம்ஐ 22.3, ஆனா உடம்புக் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1%, நம்ம புனே டாக்டருக்கு 21.2%. இதை போன்ல எப்படி சொல்றது, மாத்திரையை விட்டுடாதீங்கம்மான்னு மட்டும் சொன்னேன்.

ஜனவரி 13
வந்துடுச்சு!! நூல் மாதிரி நீட்டமா கெடந்த செல்லெல்லாம் உருண்டு, உள்ள சின்னச் சின்ன உருண்டை, வெந்த ஜவ்வரிசி மாதிரி ஓரம் மினுங்குது. மைக்ரோஸ்கோப்பை விட்டு எந்திரிக்கவே மனசு வரல.

ஜனவரி 15
பொங்கலுக்கு ஊருக்கு போகல. மெஸ்ல சர்க்கரைப் பொங்கல். அம்மா இன்னைக்கு ஒரு வாயாவது சாப்பிட்டிருப்பாங்களா.

ஜனவரி 16
பால்மிடேட்ங்கற கொழுப்பு அமிலம் போட்டாச்சு, செல்லுக்கு அழற்சி வருதான்னு பாக்க. 24 மணி நேரம்.

ஜனவரி 18
எலைசா, செல் விட்ட புரதத்தை நிறத்தால காட்டற டெஸ்ட். ஆசிட் ஊத்தினதும் பால்மிடேட் கிணறு, அதான் பிளேட்ல இருக்கற சின்னக் குழி, மஞ்சளாச்சு, சரி, அழற்சிப் புரதம் ஐஎல்-6 வருது, ஆனா ஒப்பிட்டுப் பாக்க வெச்ச கன்ட்ரோலும் மஞ்சள், வெறும் ஆல்புமின்ங்கற புரதம் மட்டும் போட்ட கிணறு, அதுல எப்படி அழற்சி வரும், பிளேட்டை வெளிச்சத்துல தூக்கி தூக்கி பாத்தேன், சந்தேகமே இல்ல மஞ்சள்தான். ராத்திரி பூரா இதே யோசனை. பால்மிடேட் கரையறதுக்காக மாட்டு ஆல்புமின்ல கட்டித்தான் போடறோம், அந்த ஆல்புமின்லயே எண்டோடாக்சின்ங்கற பாக்டீரியா நச்சு ஒட்டிக்கிட்டு வந்திருந்தா? கொஞ்சூண்டு போதும், அதைக் கண்டுபிடிக்கற ஏற்பி டிஎல்ஆர்4 முழிச்சுக்கும், செல் ஐஎல்-6 விட ஆரம்பிச்சுடும். அப்போ நான் அளந்தது கொழுப்பால வந்த அழற்சியா, பாட்டில்ல வந்த அழுக்கா?

1993ல ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் எல்லாம் குண்டு எலியோட கொழுப்புத் திசுவே டிஎன்எஃப்-ஆல்ஃபாங்கற அழற்சிப் புரதத்தை சுரக்குதுன்னு காட்டினாங்க, அதைத் தடுத்ததும் இன்சுலின் நல்லா வேலை செஞ்சுது. அதைப் படிச்சுட்டுதான் இந்த ப்ராஜெக்டே கேட்டு வாங்கினேன். என் கன்ட்ரோலை நம்ப முடியலன்னா என்னத்தை எழுதறது.

ஜனவரி 19
மேடம்கிட்ட சொன்னேன். திட்டல. "மறுபடி போடு, ஆல்புமினை முதல்ல டெஸ்ட் பண்ணு"ன்னாங்க.

ஜனவரி 20
அழுதேன்.

ஜனவரி 23
புதுக் குப்பி செல் எடுத்து வளர்க்கறேன். தட்டுல ஒட்டிக்கிச்சு. எண்டோடாக்சின் குறைஞ்ச ஆல்புமினுக்கு ஆர்டர் போட்டாச்சு, எப்ப வரும்னு தெரியல. அம்மா நாளைக்கு எச்பிஏ1சி, மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட், எடுக்கறாங்க, ரிசல்ட் சாயங்காலம்