நீரை ஒட்டிப் பறக்கும் கலங்கள்: ஒரு நாட்குறிப்பு

2025 ஜூன் 3

இறக்கை நீர்ப்பரப்பை நெருங்கும்போது அதன் நுனிகளில் எழும் காற்றுச் சுழல்கள் முழுமையாக உருவாக இடமின்றி ஒடுங்கிவிடுவதால், உயரத்தில் பறக்கும்போது தேவைப்படுவதைவிடக் குறைந்த உந்துவிசையே அதே எடையைத் தாங்கப் போதுமானதாகிறது. படகுக்கோ வேகம் கூடக் கூட அலையைத் தள்ளும் செலவு ஏறிக்கொண்டே போகும். சிங்கப்பூரில் பதிவான ஏர்ஃபிஷ் 8 என்ற சிறு கலம், ஏறக்குறைய எட்டுப் பயணிகளுடன் மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஒரு வி8 கார் எஞ்சினும் சாதாரண பெட்ரோலும் போதும் என்பதை, ஒரு கணக்கப்பிள்ளையின் கண்ணோடு பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். ஓடுபாதையும் வேண்டியதில்லை.

2025 ஜூன் 8

வணிகக் கணக்கு இடறுவது கிளம்பும் கட்டத்தில்தான். ரஸ்டிஸ்லாவ் அலெக்சேயெவ் வடிவமைத்து, 1966இல் முதன்முதலாகப் பறந்த கே.எம். என்ற சோவியத் கலத்தில் பத்து ஜெட் எஞ்சின்கள் இருந்தன. அவற்றுள் முன்புறத்து எட்டும் நீரின் பிடியிலிருந்து கலத்தை விடுவிப்பதற்காகவே பொருத்தப்பட்டவை. எழுந்தபின் வால்பகுதியின் இரண்டே அதைச் செலுத்தப் போதுமானவை. சில நிமிடங்களுக்கு மட்டும் உழைக்கும் எட்டு எஞ்சின்களையும் பயணம் முழுவதும் சுமந்து செல்லும் இராணுவத்துக்கு அது பொருட்டன்று; கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிச்செல்பவருக்கு அந்த எடை ஒவ்வொன்றும் இழந்த இருக்கை. போருக்கென வளர்ந்த இந்த நுட்பம் படகுத்துறைகளை எட்டாமல் போனதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அதனால்தான் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இயங்கும் ரீஜென்ட் நிறுவனத்தின் வைஸ்ராய் என்ற, மின்சாரத்தால் இயங்கும் கலம் எனக்கு நம்பிக்கையளிக்கிறது. துறைமுகத்தில் மிதந்து, பின் நீரடிச் சிறகுகளின் மேல் உடலை உயர்த்தி ஓடி, அந்த வேகத்திலிருந்தே பறக்கத் தொடங்குவதால், நீரைக் கிழித்து எழும் அந்தக் கடினமான கட்டம் பெருமளவு எளிதாகிறது. பன்னிரண்டு பயணிகளை ஏற்றுவதற்கென வடிவமைக்கப்பட்ட இதன் முழு அளவிலான முன்மாதிரி, இவ்வாண்டு மார்ச்சில் ஆட்களுடன் நீரில் இறங்கியது.

2025 ஜூன் 15

சட்டத்தின் பார்வையில் நீரை ஒட்டியே செல்லும் கலம் கப்பலின் இனத்தைச் சேர்ந்தது; பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2002இல் இடைக்கால வழிகாட்டுதல்களை வகுத்து, 2018இல் அவற்றைத் திருத்தியது. விமானச் சான்றிதழின் நீண்ட செலவிலிருந்து கிடைக்கும் இந்த விடுதலையை, வேகத்துக்கு அடுத்த பெரிய ஆதாயமாக எண்ணுகிறேன்.

ஆனால் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, எழும்போதும் இறங்கும்போதும் தாழப் பறக்கும்போதும் இக்கலமே மற்ற எல்லாக் கப்பல்களுக்கும் விலகி வழிவிட வேண்டும். நீருக்கு அருகே இருப்பதால் இறக்கையை அதிகம் சாய்க்க இயலாது; திரும்புவதற்கு அகன்ற வட்டம் தேவை. சரக்குக் கப்பல்கள் நெருக்கும் குறுகிய நீரிணையைவிட, அலை தணிந்த விரிகுடாத் தீவுகளுக்கு இடைப்பட்ட வழித்தடங்களில்தான் முதலீடு செய்பவர் தம் பணத்தை இறக்க வேண்டும்.