சுங்கை சிப்புட்டில் இரவு முழுக்க ஏர்கோன்: மோட்டார்ஹோமின் மின்கணக்கு

செம்பனைத் தோட்டத்து ஓரம் நிறுத்திய 30 அடி மோட்டார்ஹோம். இஞ்சினும் ஜென்செட்டும் (ஜெனரேட்டர்) ஓடக் கூடாது; இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை படுக்கையறை ஏர்கோன் மட்டும் ஓட வேண்டும். மலேசியாவின் பேராக்கில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் இந்த வேலையைச் செய்து முடித்த வழி இது.

முதலில் இருந்தது கூரைமேல் பொருத்தும் 13,500 பிடியு ஏர்கோன். கம்ப்ரஸர் ஓடும்போது 1,500 வாட் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக்கும் 3,000 வாட் இன்வெர்ட்டர் அங்கேயே நின்றுவிடும். தொடக்க இழுப்பைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டதும் அது சரியானது, ஆனால் கணக்கு உதைத்தது. கம்ப்ரஸர் பாதி நேரம் ஓடினாலும் எட்டு மணி நேரத்துக்கு 6 யூனிட் ஆகிறது. 24 வோல்ட், 200 ஆம்ப்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பதே 5.1 யூனிட். இந்த இடத்தில்தான் பலர் இரண்டாவது பேட்டரி வாங்குகிறார்கள். மாற்ற வேண்டியது ஏர்கோனை.

படுக்கையறைக்கு ஒரு எச்பி இன்வெர்ட்டர் ஏர்கோன் பொருத்தினோம். (ஏர்கோனில் சொல்லும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைப்பது, பேட்டரியை 230 வோல்ட்டாக்கும் இன்வெர்ட்டர் வேறு.) அறை குளிர்ந்தபின் சராசரி 350 முதல் 400 வாட். எட்டு மணி நேரத்துக்கு 3 யூனிட் சொச்சம், மாற்றத்தில் வீணாவது பத்து சதவீதம்: மொத்தம் மூன்றரை. பேட்டரியில் 80 சதவீதம் எடுத்தால் 4.1 யூனிட். மிச்சம் விளக்குக்கும் மின்விசிறிக்கும். 25 பாகையில் வையுங்கள். 18-இல் வைத்தால் கம்ப்ரஸர் வேகம் இறங்கவே இறங்காது.

வீட்டு ஏர்கோனை வண்டியில் ஏற்றினால் முதலில் போவது செம்புக் குழாய்தான். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் வண்டி குலுங்கக் குலுங்க, குழாயின் விரித்த முனையை (பிளேர்) இறுக்கிப் பிடிக்கும் பிளேர் நட் தளர்ந்து கேஸ் கசியும். குழாயை ஒரு சுற்று வளைத்துவிட்டு, ரப்பர் வைத்துப் பிடிக்க வேண்டும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கால் அங்குலக் குழாய்க்கு 18, 3/8 அங்குலத்துக்கு 42 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாதீர்கள். அதிகம் முறுக்கினால் பிளேர் மெலிந்து பிளக்கும். நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, வேக்குவம் பிடித்த பிறகே கேஸ். இந்த ஏர்கோன்களில் வரும் ஆர்32 கேஸ் தீப்பற்றக்கூடியது, குழாய் இணைப்பைப் படுக்கைக்கு அடியில் வைக்க வேண்டாம்.

பேட்டரியை 12 வோல்ட்டில் வைக்காமல் 24-இல் வைத்ததற்குக் காரணம் ஆம்ப். 3,000 வாட்டுக்கு அங்கே 270 ஆம்ப் ஓடும். 24 வோல்ட்டில் அதில் பாதி, வயரில் சூடு கால்பங்கு. 50 சதுர மில்லிமீட்டர் வயர், 200 ஆம்ப் பியூஸ், அதுவும் பேட்டரியை ஒட்டியே. வயர் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்ப்பரால் அழுத்துங்கள். சுத்தியலால் தட்டிய லக் சூடேறும். பேட்டரி 24 வோல்ட்டுக்கு இறங்கியதும் இன்வெர்ட்டர் தானே அணையும்படி வையுங்கள். பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் துண்டிக்கும்வரை விட்டால் வண்டி முழுதும் இருண்டுவிடும்.

திரும்ப ஏற்றுவதுதான் சிரமம். வண்டி ஓடும்போது இஞ்சினிலிருந்து பேட்டரியை ஏற்றும் 40 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் மணிக்கு ஒரு யூனிட் சொச்சம் தரும். ஈப்போவிலிருந்து இங்கு வர அரை மணி, ஆக அரை யூனிட். செம்பனை நிழலில் சோலாரை நம்ப முடியாது: ஓலை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே பலகையின் வரவு வெகுவாகக் குறைந்துவிடும்.

கடைசியில் பெரும்பாலும் யாராவது ஒரு வீட்டு மின்சாரம்தான். 30 மீட்டர் நீட்டிப்பு வயர் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் எடுங்கள். சுருளை முழுக்க அவிழ்த்துவிடுங்கள், சுருட்டியபடி பாரம் ஏற்றினால் உறை உருகும். சார்ஜரில் உள்வரும் அளவை 8 ஆம்ப்பில் நிறுத்துங்கள். 13 ஆம்ப் பிளக் என்றாலும் இரவு முழுக்க நிறைபாரம் தாங்காது. மாலையில் இடி கேட்டதும் பிளக்கை வீட்டுப் பக்கத்திலேயே கழற்ற வேண்டும், சுவிட்சை அணைத்தால் போதாது.