ஆமைக்காக நடந்த இரண்டு இரவுகள்

முதல் தடவை போனபோது உயிரோடு ஒரு ஆமையைக்கூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி மாதச் சனிக்கிழமை, இரவு 11 மணிக்கு மேல் சென்னை நீலாங்கரைக் கரையில் கூடினோம். அங்கிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும். கரையேறி முட்டையிடும் கடலாமைகளைத் தேடி, முட்டைகளைக் காப்பாற்றும் நடை. 1970களின் தொடக்கத்தில் பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் ஆரம்பித்த வேலை இது. 1988 முதல் மாணவர்கள் அமைப்பாகச் சேர்ந்து நடத்துகிறார்கள், பொதுமக்களும் கூட நடக்கலாம். டார்ச் கூடாது, சத்தம் கூடாது. முதல் அரை மணியிலேயே செருப்பைத் தேட போன் வெளிச்சத்தைப் போட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கொட்டிவாக்கம் தாண்டியதும் நாற்றம். செத்து ஒதுங்கிய பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி கடலாமை. ஓட்டில் கீறல் இல்லை, கண் மட்டும் பிதுங்கியிருந்தது. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டினால் முடிவதில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் இப்படி நூற்றுக்கணக்கில் ஒதுங்கின.

"தூக்கம் கெட்டதுதான் மிச்சம்" என்றார் அம்மா. சரி, இன்னொரு முறை பார்ப்போம் என்று அடுத்த வாரமும் போனேன்.

திருவான்மியூருக்கு முன்னால் தடம் கிடைத்தது. டிராக்டர் ஏறி இறங்கிய மாதிரி. ஆமை கடலுக்குத் திரும்பிவிட்டது. மணலைக் கலைத்துவிட்டுப் போயிருந்ததால் குழி எங்கே என்று தெரியவில்லை. தன்னார்வலர் குச்சியால் மெல்லக் குத்திக்கொண்டே வந்தார், ஓரிடத்தில் பொசுக்கென்று இறங்கியது. அப்புறம் கையால்தான் தோண்டினார்கள். வாய் குறுகி அடி அகன்ற பானை போல இருந்தது குழி. முட்டைகள் பிங்பாங் பந்து அளவு, தொட்டால் மெத்தென்று. எண்ணுவது என் பொறுப்பு. 80ஐத் தாண்டியதும் குழம்பிவிட்டேன். பக்கத்திலிருந்த பள்ளிச் சிறுமிதான் கணக்கைக் காப்பாற்றினாள்: 117.

அங்கேயே விட்டால் நாய்கள் தோண்டிவிடும். தப்பிப் பொரிந்தாலும் குஞ்சுகள் தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுப் பக்கம் போய்விடும். அதனால் முட்டைகளைத் துணிப்பையில் பெசன்ட் நகர் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய அட்டையைச் செருகினோம். விடிந்துகொண்டிருந்தது. கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு மாலை குஞ்சுகளை விட்டார்கள். நல்ல கூட்டம். என்னைக் கயிறு பிடிக்க நிறுத்தினார்கள். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகள் அலையை நோக்கித் தவழ்ந்தபோது, பின்னால் ஒருவர் போன் வெளிச்சத்தைப் போட்டார்.

"அண்ணா, லைட்டை அணைங்க" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.