ஜூனியர் ஹாக்கிக்கு பெரிய ஊர் எதுக்குங்க?

உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி அடுத்து எந்த ஊருல நடக்கப்போகுதுன்னு அறிவிப்பு வந்தாப் போதும், இங்க கனடால டீக்கடைப் பேச்சு மாதிரி ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்வாங்க. நானும் இத்தனை வருஷமா பாத்துட்டு இருக்கேன்ல, எனக்கும் ஒண்ணு இருக்கு. டிக்கெட் கிடைக்காம நாலு பேர் புலம்புற ஊருதான் இதுக்கு சரியான ஊரு. சீட்டு மிஞ்சிப்போற ஊரு வேணவே வேணாம்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி சொல்லிடுறேன். 20 வயசுக்குட்பட்ட பசங்க ஆடுறது, மேல் டிவிஷன்ல 10 நாடு, டிசம்பர் 26 ஆரம்பிச்சு ஜனவரி 5 வாக்குல முடிஞ்சிரும். ரெண்டு குரூப், குரூப் மேட்ச் மட்டுமே 20 வருது, ஒரே ஐஸ்ல அத்தனையும் ஆட முடியாதுல்ல, அதனால ரெண்டு அரீனா வேணும். சில சமயம் ஒரே ஊருல ரெண்டு, பல சமயம் பக்கத்து பக்கத்து ரெண்டு ஊரு.

கனடாவுக்கு மட்டும் ஏன் அடிக்கடி கிடைக்குதுன்னு ஐரோப்பாக்காரங்க கேக்குறது நியாயம்தான். ஆனா இந்தப் போட்டிய டிவில உக்காந்து வெறித்தனமா பாக்குறதும் காசு குடுத்து அரீனாவ நிரப்புறதும் இங்கதான். 2013ல ரஷ்யாவோட ஊஃபால நடந்தப்ப கனடா மேட்ச் எல்லாம் எங்களுக்கு விடியக்காலை 4 மணி வாக்குல, அலாரம் வச்சு எந்திரிச்சுப் பாத்த கூட்டம் இருக்கு இங்க.

இதுல பிரச்சனை எங்க வருதுன்னா, காசு வருதுன்னு தெரிஞ்சதும் சீட்டு எண்ணிக்கைய வச்சு ஊரைத் தேர்ந்தெடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. 2015லயும் 2017லயும் டொரன்டோ, மாண்ட்ரியல் ரெண்டும் சேந்து நடத்துச்சு. மாண்ட்ரியல் பெல் சென்டர்ல 21,000 பேர் உக்காரலாம். ஸ்லோவாக்கியாவும் ஃபின்லாந்தும் ஆடுற மத்தியான மேட்சுக்கு அதை யார் நிரப்புறது, அதுவும் அந்த டிக்கெட் விலைக்கு, அதுவும் ரெண்டே வருஷ இடைவெளில அதே ஊருல மறுபடியும். ஆயிரம் பேர் மண்டபத்த எடுத்துட்டு முன்னூறு பேருக்குப் பந்தி போட்ட மாதிரி ஆயிருச்சு, டிவில பாத்தா வரிசை வரிசையா காலி சீட்டு. ஆட்டம் ஒண்ணும் மோசமில்ல, 2017 ஃபைனல் அமெரிக்கா 5-4ன்னு ஷூட்அவுட்ல கனடாவ சாய்ச்ச மேட்ச், அதை எந்த ஊருல வச்சாலும் ஜனங்க பாப்பாங்க. ஆனா ஒரு போட்டின்னா ஃபைனல் மட்டுமா?

இப்ப ஹாலிஃபாக்ஸ் கதைக்கு வாங்க. 2023 போட்டி முதல்ல ரஷ்யாவுக்குத்தான் குடுத்திருந்தாங்க, நோவோசிபிர்ஸ்க், ஓம்ஸ்க்னு ரெண்டு சைபீரிய ஊரு. 2022 பிப்ரவரில உக்ரைன் மேல படையெடுத்ததும் அதைப் பிடுங்கிட்டாங்க. அவசரமா இடம் தேடி, அந்த வருஷம் மே மாசம் கிழக்குக் கனடாவோட ஹாலிஃபாக்ஸ், மாங்க்டன்னு முடிவாச்சு. ஹாலிஃபாக்ஸ் அரீனா 1978ல திறந்தது, சுமார் பத்தாயிரம் சீட்டு, மாங்க்டன் அதைவிடச் சின்னது. ரெண்டுக்கும் நடுவுல 260 கிலோமீட்டர் ரோடு. என்.எச்.எல்னு சொல்ற பெரிய புரொஃபஷனல் லீக்கோட டீம் எதுவும் இல்லாத பக்கம் அது, அந்த ஜனங்களுக்கு வருஷம் பூரா ஜூனியர் டீம்தான் சாமி, அதனால சத்தம் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. முதல் மேட்ச்லயே கனடா செக் டீம்கிட்ட 5-2ன்னு தோத்துது, அப்பவும் கூட்டம் குறையல. கனடாவோட கானர் பெடார்ட் ஏழு மேட்ச்ல 23 பாயிண்ட் (கோலும் கோலுக்குக் குடுத்த பாஸும் சேத்து) எடுத்தான், கால்இறுதில ஸ்லோவாக்கியாவ ஓவர்டைம்ல முடிச்சு வச்சான் பாருங்க ஒரு கோல், ஆளுங்க ஒவ்வொருத்தனையா தாண்டிப் போய் கோலியையும் ஏமாத்தி போட்டது, அந்த நிமிஷம் கூரை பிச்சுட்டுப் போற சத்தம் டிவில கேட்டுச்சு. 21,000 சீட்டு அரீனால பாதி கூட்டம் கத்துனா அந்த சத்தம் வருமா, வராது.

இன்னும் சின்ன உதாரணம் 2005. அமெரிக்கால நார்த் டகோட்டாவோட கிராண்ட் ஃபோர்க்ஸும், பக்கத்து மின்னசோட்டால தீஃப் ரிவர் ஃபால்ஸும். இதுல வேடிக்கை என்னன்னா ரெண்டு அரீனாவுக்கும் ஒரே பேரு, ரால்ஃப் எங்கல்ஸ்டாட் அரீனா. கேசினோ வச்சு சம்பாதிச்ச ஆளு, பொறந்த ஊரு தீஃப் ரிவர் ஃபால்ஸ், அங்க ஒண்ணு, படிச்ச யுனிவர்சிட்டிக்கு ஒண்ணு! சின்ன ஊரா இருந்தாலும் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஏன் சரியான தேர்வுன்னா, எல்லைக்கு அந்தப்பக்கம் 230 கிலோமீட்டர்ல வின்னிபெக் இருக்கு. கார் எடுத்துட்டு கனடாக்காரங்க கும்பல் கும்பலா இறங்கிட்டாங்க, அமெரிக்கால நடந்தும் கனடாவுக்கு அது சொந்த ஊர் மாதிரி. சம்பளத் தகராறுல என்.எச்.எல்லே நடக்காத லாக்அவுட் வருஷம் வேற, அதனால க்ராஸ்பி, பெர்ஜரான் மாதிரி பெரிய ஆளுங்க எல்லாம் ஆடுன கனடா டீம், ஃபைனல்ல ரஷ்யாவ 6-1ன்னு நொறுக்குனாங்க. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது மேப்ல கார் தூரத்தத்தான் முதல்ல பாக்கணும்னு நான் சொல்றதுக்கு காரணம் இதுதான், ஊரோட ஜனத்தொகை எல்லாம் அப்புறம்.

பெரிய அரீனா எப்பவும் தப்புன்னு சொல்லல. 2009 ஒட்டாவா இருபதாயிரம் பக்கம் சீட்டு உள்ள இடம், அதுவும் நிறைஞ்சு வழிஞ்சுது, ரஷ்யாவோட அரைஇறுதில 5.4 செகண்ட் இருக்கும்போது கனடாவோட எபர்லே சமன் பண்ணுன கோல் அங்கதான். அப்புறம் 2018 போட்டில அமெரிக்காவோட பஃபலோ பக்கத்துல அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டேடியத்துலயே ஐஸ் போட்டு கனடா-அமெரிக்கா மேட்ச் வச்சாங்க, கொட்டுற பனில 44,592 பேர். ஆனா அது ஒரு நாள் திருவிழா, அதை வச்சு பதினோரு நாளைக்குக் கணக்குப் போடக்கூடாது.

மேற்குக் கனடாவோட எட்மன்டன் பாவம், வேற வகை. 2021ல கோவிடால ஆளே இல்லாத அரீனா. அடுத்த போட்டியையும் கோவிடால ஆரம்பிச்ச மூணு நாலு நாள்லயே நிறுத்திட்டு 2022 ஆகஸ்ட்ல திரும்ப நடத்துனாங்க. வெயில் காலத்துல யாருங்க ஹாக்கிக்கு வருவாங்க, இங்க ஹாக்கிய நடத்துற சங்கமான ஹாக்கி கனடா மேல பாலியல் புகார் விவகாரம் வேற ஓடிட்டு இருந்த நேரம். ஃபைனலுக்குத்தான் ஓரளவு கூட்டம். ஓவர்டைம்ல ஃபின்லாந்து அடிச்ச பக் (ஹாக்கி வட்டு) காத்துல எம்பி கோல் லைன் மேல விழப்போறப்ப கனடாவோட மெக்டாவிஷ் மட்டையால அந்தரத்துலயே தட்டிவிட்டான், கொஞ்ச நேரத்துல அதே டீம் கென்ட் ஜான்சன் கோல் போட்டு முடிச்சுட்டான். அதுக்கு முந்தின மேட்சுங்க எல்லாம் பிராக்டிஸ் மாதிரி காலியாக் கிடந்துச்சு.

இதுல ரொம்ப நஷ்டப்பட்டது ரெட் டியர்ங்கிற ஊரு. ரெண்டு தடவையும் எட்மன்டனோட ஜோடி அதுதான். முதல் தடவை ஒரு மேட்ச் கூட இல்ல, அடுத்த தடவை ஏதோ ரெண்டு மூணு நாள், ஆகஸ்ட்ல மறுபடி எல்லாத்தையும் எட்மன்டனுக்கே வச்சுக்கிட்டாங்க. இப்ப 2027 போட்டிய அதே ஜோடிக்கு குடுத்திருக்காங்க, நல்ல முடிவு. ரெட் டியர் எட்மன்டனுக்கும் கால்கரிக்கும் சரியா நடுவுல, ரெண்டு பக்கமும் ஒன்றரை மணி நேர டிரைவ். கனடா ஆடாத குரூப்பா இருந்தாலும் எனக்கு டிக்கெட் ரெட் டியர்லதான் வேணும். விலைய மட்டும் மாண்ட்ரியல் மாதிரி ஏத்தித் தொலைக்காதீங்கப்பா.