உரம் போட்ட ஜாடி

பள்ளி மலருக்கு எழுதக் கேட்டதும் எங்கள் அறிவியல் டீச்சரும், ஆய்வுக்கூட ஜன்னலில் அவர் வைத்த மூன்று ஜாடிகளும்தான் நினைவுக்கு வந்தன. மண்ணில் வாழும் பாக்டீரியா எண்ணெயைத் தின்னுமா என்று பார்க்கும் சோதனை அது. மூன்றிலும் தண்ணீர், மேலே கொஞ்சம் சமையல் எண்ணெய். முதலாவதில் ஒரு கரண்டி தோட்டத்து மண். இரண்டாவதில் அதே மண்ணோடு ஒரு சிட்டிகை செடி உரம். மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆறவிட்ட மண். பாக்டீரியாவுக்கும் காற்று வேண்டும் என்று தினமும் எங்களில் ஒருவரைக் கலக்கிவிடச் சொன்னார்.

கொஞ்ச நாள் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் உரம் போட்ட ஜாடி கலங்கியது. பளபளவென்று ஒரே படலமாக மிதந்த எண்ணெய் ஓரங்களில் பிய்ந்து, வெளிறிய திட்டுகளாகச் சிதறியது. கிட்டே போனால் மூக்கைப் பிடிக்க வேண்டும். உரமில்லாத ஜாடி பின்தங்கியே நின்றது. "எண்ணெயில் கார்பன் ஏராளம். ஆனால் பாக்டீரியாவின் உடம்பு வளர நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டுமே, அதற்கு எங்கே போகும்?" என்று கேட்டார் டீச்சர். கொதித்த மண்ணும் கடைசியில் லேசாகக் கலங்கியபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். கொதியில் சாகாத பாக்டீரியா வித்துகளும், காற்றில் வந்து விழும் நுண்ணுயிர்களும் உண்டு என்று அன்றைய பாடத்தையே மாற்றிவிட்டார்.

1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்கா கடலில் ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியபோதும் இதே வழிதான். கரைகளில் உரம் தெளித்து, அங்கேயே வாழ்ந்த பாக்டீரியாக்களைப் பெருக வைத்தார்கள். ஆனால் காற்று எட்டாத கூழாங்கற்களுக்கு அடியில் சிக்கிய எண்ணெய் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. இந்தப் பாதியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நுண்ணுயிர் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று மட்டும் சொன்னால் அது பாடமே இல்லை.

நான் இப்போது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் அறிவித்த முறைதான் இங்கும்: தொட்டிக்குள் காற்றை ஊதி, பாக்டீரியாக்களைக் கொண்டு அழுக்கைத் தின்னவைப்பது. பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் ஜாடிச் சோதனையை வகுப்பில் செய்யச் சொல்லி அனுப்புகிறேன்.

உங்கள் பிள்ளைகளோடு செய்வதானால் ஜாடியை இறுக்கி மூடாதீர்கள், மெல்லிய துணி கட்டினால் போதும். கையுறை போட்டுக் கலக்கட்டும். சோப்பு பட்ட பாத்திரம் வேண்டாம், அதுவே எண்ணெயைப் பிரித்துவிடும். ஒரு மாதமாவது பொறுங்கள்.